பத்து சென்டிமீட்டர் பசி

பசி என்பது ஓர் உணர்வு. உணர்வு என்று ஒன்று இருந்தால் அதற்கு ஓர் அளவு இருந்தாக வேண்டும். அளவு என்று வந்துவிட்டால் அளப்பதற்கு ஆள் வேண்டும், ஆள் உட்கார நாற்காலி வேண்டும், நாற்காலி போட ஒரு கட்டடம் வேண்டும். இந்த நியாயத்தின்படி எழுந்து நின்றதுதான் பசியுணர்வு ஆய்வு நிலையம். மூன்று தளங்கள். கீழ்த் தளத்தில் பசியின் தோற்றமும், நடுத் தளத்தில் பசியின் வளர்ச்சியும் ஆராயப்பட்டன. மேல் தளத்தில் நிர்வாகம் இருந்தது. சமையலறை மட்டும் எந்தத் தளத்திலும் கிடையாது. ஆய்வுக்கு இடைஞ்சல் என்று வரைபடத்திலேயே அடித்துவிட்டார்கள்.

நிலையத்தின் கருவி ஒன்றே ஒன்றுதான். வெள்ளைத் தாளில் படுக்கைவாக்கில் ஒரு கோடு. நீளம் பத்து சென்டிமீட்டர். இடது கோடியில் 'பசி சற்றும் இல்லை' என்று அச்சிட்டிருக்கும். வலது கோடியில் 'இதுநாள்வரை நான் உணர்ந்ததிலேயே மிகக் கடுமையான பசி' என்று இருக்கும். பசிக்கிறவர், இந்த நொடியில் தம்முடைய பசி இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்று யோசித்து, பேனாவால் கோட்டின் மேல் ஒரு குறி போட வேண்டும். இடது கோடியிலிருந்து அந்தக் குறி வரைக்கும் எத்தனை மில்லிமீட்டரோ, அதுதான் அவருடைய பசி. வயிறு என்ன சொல்கிறது, முகம் எப்படி வாடிக் கிடக்கிறது என்பதெல்லாம் அறிவியலில் சேராது.

குறியை அளக்கிற வேலை நம்முடைய ஆளின் வேலை. சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு பிளாஸ்டிக் அளவுகோல் துருத்திக்கொண்டு நிற்பதால் நிலையத்தில் அவனுக்கு அளவுகோல் என்றே பெயர் விழுந்துவிட்டது. கெட்டிக்காரன்தான். அரை மில்லிமீட்டர் பிசகாமல் அளப்பான். ஆனால் இன்னும் தற்காலிகம். சேர்ந்து எத்தனையோ காலமாகியும் பணி நிரந்தர ஆணை என்கிற அந்த ஒற்றைத் தாள் அவன் கைக்கு வந்தபாடில்லை. வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது, கையெழுத்துக்குப் போயிருக்கிறது என்று சொல்லிச் சொல்லியே அவனை ஒரு வழி பண்ணியிருந்தார்கள். அவனும் தலையை ஆட்டி ஆட்டியே கழுத்துச் சுளுக்கு வராமல் தப்பித்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு உலகத்தில் இருந்த ஒரே உறவு அக்கா. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவன் நடக்கப் பழகியிருந்தான், அவ்வளவுதான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவனைப் படிக்க வைத்து, மனிதர்களின் உணர்வுகளை ஆராய்கிற அளவுக்கு ஆளாக்கியவள் அவள். பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. ஈர விரிப்புகளை ஆவி பறக்கும் உருளை இயந்திரத்துக்குள் செலுத்துவாள். மறுபக்கம் அவை தகடு மாதிரி வந்து விழும். அந்தக் கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மத்தியானம் ஒரு வேளை சுடச்சுடச் சாப்பாடு உண்டு. அந்தச் சூட்டிலும் அந்தப் பளுவிலும் அது இல்லாமல் முடியாது என்று என்றைக்கோ எவரோ ஒரு நல்ல மனிதர் ஏற்படுத்திவைத்தது. அக்காவுக்கு அந்த நாளின் சாப்பாடு என்றால் அதுதான். காலையில் ஒரு தேநீர். இரவில் தம்பிக்குப் பரிமாறியது போக மிச்சம் என்னவோ அது.

இந்த இடத்தில் நாட்டில் பரவியிருந்த ஒரு நாகரிகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிலையத்தின் இயக்குநர் அம்மையார் ஒரு வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்விட்டு 'உண்ணா நேரம்' என்பதோடு திரும்பி வந்தார். முற்பகல் பதினோரு மணி வரை எதையும் வாயில் வைப்பதில்லை. பதினோரு மணிக்குக் கைப்பேசியில் மணி அடிக்கும், திரையில் ஒரு பதக்கம் தோன்றும், அதன் பிறகு எதை வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். கையில் ஒன்றும் இல்லாதவன் காலையில் சாப்பிடாமல் கிடந்தால் அதற்குப் பெயர் பட்டினி. மணி அடிக்க வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் அதற்குப் பெயர் வாழ்க்கைமுறை. ஒரு மாதத்துக்குள் நிலையம் முழுவதும் வாழ்க்கைமுறைக்கு மாறிவிட்டது. பத்து மணிக்கு மேல் எவரைப் பார்த்தாலும் கண்ணில் ஒரு தியாக ஒளி. மாடிப்படி ஏறுகிறவர்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்று, தாம் ஏன் நிற்கிறோம் என்பதைப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் விளக்கினார்கள். பின்னால் நிற்கக் கூடாதே என்று அளவுகோலும் சேர்ந்துகொண்டான். அக்கா விடியற்காலையில் எழுந்து கட்டிக்கொடுத்த சாப்பாடு பதினோரு மணி வரைக்கும் இழுப்பறைக்குள் இருந்தது.

இப்படி இருக்கையில்தான் மருத்துவமனை வழங்கல் துறையிலிருந்து நிலையத்துக்கு ஒரு கடிதம் வந்தது. சலவைக்கூடத்தினர்க்குப் பசி இருப்பதாகக் கருதி நண்பகல் உணவு வழங்கப்பட்டு வருகிறது, ஆனால் மேற்படி பசி இருப்பதற்கான ஆதாரம் எதுவும் கோப்பில் காணப்படவில்லை, ஆகவே அன்னாரின் பசியை உரிய முறையில் அளந்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது என்று இருந்தது. சராசரி ஐம்பது மில்லிமீட்டர் இருந்தால் சாப்பாடு தொடரும். குறைந்தால் நிற்கும். அளவுகோல் அந்தக் கடிதத்தைப் படித்ததும் அவனுக்கு உள்ளுக்குள் நிம்மதியாகவே இருந்தது. ஆவியில் நின்று வேகிறவர்களுக்குப் பசிக்காமல் யாருக்குப் பசிக்கப் போகிறது? ஐம்பதென்ன, தொண்ணூறே வரும். சாப்பாட்டை இனி எவராலும் அசைக்க முடியாது. கூடவே தன் ஆணையும் வந்துவிடும் என்று அவன் கணக்குப் போட்டான்.

எந்த அளவீட்டுக்கும் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் வேண்டும். பசிப்பதற்கு விசேஷக் காரணம் ஏதும் இல்லாத சாதாரண மனிதர்களாக அவர்கள் இருக்க வேண்டும். தேடி அலைவானேன் என்று நிலையத்தின் அலுவலர்களையே அதற்கு வைத்துக்கொண்டார்கள். பத்தரை மணிக்குத் தாள்கள் கொடுக்கப்பட்டன.

எவரும் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலைமையிலா இருந்தார்கள்? வலது கோடியில் எழுதியிருந்ததைப் படித்ததும் இது நம்மைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று அத்தனை பேருக்கும் தோன்றிவிட்டது. பதிவுத் துறைக்காரர் கோடியில் குறி போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நூலகப் பெண்மணி, இதற்கு மேல் கோடு இல்லையே என்று வருந்தினார். கணக்காளர் கோட்டையும் தாண்டி, தாளையும் தாண்டி, மேசையின் மேலேயே குறி போட்டார். கோட்டுக்கு வெளியே உள்ள பசி செல்லுமா என்று ஆராய உடனே ஒரு குழு அமைக்கப்பட்டது. பசி அகத்தைச் சேர்ந்தது, மேசை நிலையத்தைச் சேர்ந்தது, ஆகவே இரண்டும் செல்லும் என்று குழு தீர்ப்புச் சொன்னது. மேசை 'இணைப்பு ஒன்று' என்று கோப்பறைக்குக் கொண்டுபோகப்பட்டது. அன்றிலிருந்து கணக்காளர் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு கணக்கு எழுதினார்.

அளவுகோலும் ஒரு தாளை எடுத்தான். வயிறு கிள்ளியது. இதுநாள்வரை உணர்ந்ததிலேயே என்று ஒரு கணம் யோசித்துப் பார்த்தான். இதைவிடப் பெரிதாக ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நேர்மையாக வலது கோடியில் போட்டான்.

மறுநாள் நண்பகலில் சலவைக்கூடத்துக்குப் போனான். கதவைத் திறந்ததும் ஆவி முகத்தில் அறைந்தது. சாப்பாட்டு அண்டாக்கள் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தன. மூடியைத் திறக்கக் கூடாது, அளவீட்டுக்குப் பிறகுதான் சாப்பாடு என்று சொல்லி அத்தனை பேரையும் உட்கார வைத்தான். விதிமுறைகளை உரக்கப் படித்தான். நன்றாக யோசித்து, உள்ளபடி குறி போட வேண்டும் என்பதை இரண்டு தடவை அழுத்திச் சொன்னான். அக்காவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக உட்கார்ந்து, தம்பி இப்படிப் பத்துப் பேர் முன்னால் நின்று படிப்பதை வாயெல்லாம் பல்லாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இஸ்திரிக்கார அண்ணன் கையைத் தூக்கினார். கூடத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அந்தக் கோடியில என்ன இருக்கு, இன்னொரு தடவை படி தம்பி."

"இதுநாள்வரை நான் உணர்ந்ததிலேயே மிகக் கடுமையான பசி."

"நான்னா யாரு? நானா, நீயா?"

"நீங்கதான்ணே. அவங்கவங்க பட்ட பசி."

"அப்படின்னா இது யோசிச்சுப் போடற விஷயம்" என்றார் அவர், பேனாவைக் கீழே வைத்துவிட்டு.

அத்தனை பேரும் யோசித்தார்கள். நாட்டிலேயே அந்தத் தாளில் எழுதியிருந்ததை முழுக்கப் படித்து அப்படியே கீழ்ப்படிந்த கூட்டம் இதுவாகத்தான் இருக்கும். இஸ்திரிக்கார அண்ணன், வேலை தேடிக் கால்நடையாக ஊர் ஊராய்ப் போனபோது குழாய்த் தண்ணீரிலேயே நாட்களை ஓட்டினாராம். அழுக்குத் துணி பிரிக்கிற பெண், வெள்ளத்தில் கூரை மேல் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்ததைச் சொன்னாள். பால் வற்றிப்போன பிறகும் குழந்தை விடாமல் சப்பிக்கொண்டே இருந்ததாம். உன்னுது பெரிசா என்னுது பெரிசா என்று அவர்களுக்குள் ஒரு சின்ன வாக்குவாதம்கூட வந்தது. அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவையும் நினைத்துப் பார்த்துவிட்டு, அந்த வலது கோடியை மரியாதையோடு தள்ளிவைத்துவிட்டு, எல்லோரும் இடது பக்கத்தில் குறி போட ஆரம்பித்தார்கள். துணி பிரிக்கிற பெண் வயிற்றை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் குறி போட்டாள். அது இரண்டு சென்டிமீட்டரைக்கூடத் தொடவில்லை.

அளவுகோலுக்கு வியர்த்தது. ஆவியால் அல்ல. அக்காவின் பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிப் போடு. பசிக்குதுல்ல?"

"பசிக்குது. காலையிலேர்ந்து நிக்கறேன், பசிக்காம?"

"அப்புறம் என்ன?"

"அதோட பார்த்தா இது எம்மாத்திரம்டா? உள்ளபடி போடுன்னு நீதானே படிச்சே."

இடது கோடியிலிருந்து ஒரு நகத்தின் அகலம் தள்ளி அவள் குறி போட்டாள். 'அது' எது என்று அவன் கேட்கவில்லை. அண்டாவின் மூடிகள் திறந்த சத்தத்தில் கேட்கவும் தோன்றவில்லை.

முடிவு வந்தது. அலுவலர்களின் சராசரிப் பசி தொண்ணூற்று நான்கு மில்லிமீட்டர், மேசை நீங்கலாக. சலவைக்கூடத்தின் சராசரிப் பசி பதினொன்று. அளவுகோல் மூன்று தடவை கூட்டிப் பார்த்தான். எங்கே இடிக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம் என்றும் தோன்றியது. ஆனாலும் அக்காவின் சாப்பாடு போய்விடும் என்ற பயம் அவனை இயக்குநரின் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனது. இயக்குநர் மேசை மேல் ஒரு கண்ணாடிக் குண்டு இருந்தது. அதன் அடியில் இருந்த தாளில் 'பணி நிரந்தரம்' என்ற எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன.

"மேடம், ஒரு சந்தேகம்."

"முடிவுலயா, உங்க வேலையிலயா?"

"கோட்டுல மேடம். வலது கோடி எல்லாருக்கும் ஒண்ணா இல்ல. ஆளுக்கு ஆள் வேறயா இருக்கு."

"அவங்க கோட்டை அளந்தீங்களா?"

"அளந்தேன். பத்து சென்டிமீட்டர்."

"நம்ம கோடு?"

"பத்து சென்டிமீட்டர்."

"அப்புறம் எது வேறயா இருக்கு?"

அவன் கையைப் பிசைந்தான். "அவங்க பட்ட பசி பெரிசு மேடம். அதை மனசுல வெச்சுக்கிட்டு இப்ப உள்ளதைச் சின்னதாப் போட்டுட்டாங்க. நாம..."

"நாம?"

"நாம அவ்வளவா பட்டதில்ல."

இயக்குநர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். மணி பத்தே முக்கால். அவருக்கே கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது.

"அவங்க எப்பவோ பட்ட பசிக்கு இப்ப சாப்பாடு போட முடியுமா? தாள்ல 'இந்த நொடி'ன்னு தெளிவா போட்டிருக்கோம். இதோ பாருங்க, உங்க ஆணை வந்து உட்கார்ந்திருக்கு. அளக்கறவருக்கு அளவுல நம்பிக்கை இல்லைன்னா நான் எந்தக் கையால இதுல கையெழுத்துப் போடறது?"

அவர் வலது கையால்தான் போடுவார் என்பது அளவுகோலுக்குத் தெரியும். முடிவுத் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

அறிக்கை அச்சாகி வெளியானது. 'சலவைக்கூடத்தில் பசி எதுவும் கண்டறியப்படவில்லை. ஆவி, பளு, நெடுநேர நிற்றல் ஆகியவை பசியை மட்டுப்படுத்துவதாகக் கருத இடமுண்டு. மாறாக, அமர்ந்து பணிபுரிவோரிடம் கவலைக்கிடமான பசி நிலவுவது இதன்மூலம் முதன்முறையாக நிறுவப்படுகிறது' என்று அதில் இருந்தது. வழங்கல் துறையினர் படித்துவிட்டு மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். பசி இல்லாத இடத்தில் இத்தனை காலம் சோற்றைக் கொட்டியிருக்கிறோமே என்று வருந்தினார்கள். சமையல் ஆட்கள் இருந்தார்கள், அண்டாக்கள் இருந்தன, அரிசி பருப்புக்கு உத்தரவு இருந்தது. அவற்றைப் பசி இருக்கிற இடத்துக்குத் திருப்பிவிடுவதுதான் முறை. மறுவாரத்திலிருந்து சலவைக்கூடத்தின் சாப்பாடு ஆய்வு நிலையத்துக்கு வந்தது. சமையலறை இல்லாத கட்டடத்துக்குள் அண்டாக்களைக் கொண்டுவர விதி இடம் கொடுக்காததால் வாசல் பதிவேட்டில் அவை ஆய்வுக் கருவிகள் என்று எழுதப்பட்டன. லிஃப்டில் ஏறி மேல் தளத்துக்குப் போயின.

பதினோரு மணிக்குக் கைப்பேசிகள் எல்லாம் ஒன்றாக மணி அடிக்கும். பதக்கங்கள் தோன்றும். மூடிகள் திறக்கும். அளவுகோல் முதல் நாள் தட்டை எடுக்கத் தயங்கினான். இரண்டாம் நாள் தயங்கவில்லை. மூன்றாம் நாள் பருப்பில் உப்புக் குறைவு என்று சமையல்காரரிடம் சொன்னான். அக்கா கட்டிக்கொடுத்த சாப்பாடு இழுப்பறையிலிருந்து தெருவில் இருக்கிற நாய்க்குப் போனது. திருப்பிக் கொண்டுபோனால் அவள் மனசு கஷ்டப்படும் என்பது அவன் நினைப்பு.

சலவைக்கூடத்தில் ஒரு மாதம் எப்படிப் போனது என்பதை எந்த அறிக்கையும் சொல்லவில்லை. துணி பிரிக்கிற பெண் ஒரு நாள் அழுக்கு மூட்டைகள் மேலேயே சாய்ந்துவிட்டாள். பணிநேரத்தில் உறங்கினார் என்று மேற்பார்வையாளர் எழுதிவைத்தார். அக்கா வீட்டில் எப்போதும்போலப் பரிமாறினாள். அவளுடைய வளையல்கள் மட்டும் முழங்கைப் பக்கம் நழுவி நழுவிப் போக, அவள் ஒரு நூலைக் கட்டி அவற்றை நிறுத்தி வைத்தாள். அளவுகோல் அதைப் பார்த்தான். பார்த்த அன்றே நிலையத்தின் விதிகளைப் புரட்டினான். ஒரு மாதம் கழித்து மறு அளவீடு கேட்கலாம் என்று ஒரு மூலையில் இருந்தது. சலவைக்கூடத்தின் பெயரில் தானே விண்ணப்பம் எழுதிக்கொடுத்தான். அக்காவிடம், எல்லோரையும் இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு வலது கோடியில் போடச் சொல், யோசிக்கவே வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னான். சொல்கிறேன் என்றாள். சொல்லவும் சொன்னாள்.

மறு அளவீட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு அவன் இயக்குநரின் அறைக்குப் போனபோது பதினோரு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. தாள்களை ஒவ்வொன்றாக வைத்து அளந்தான். நூறு. நூறு. நூறு. இயக்குநரின் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"போன மாசம் பதினொண்ணு. இந்த மாசம் நூறா? ஒரே மாசத்துல எந்த உணர்வும் இப்படி வளராது."

"நடுவுல சாப்பாடு நின்னுடுச்சு மேடம்."

"அது வெளிக் காரணம். நாம அளக்கறது உள்ளுணர்வை. சொல்லிவெச்சுப் போட்டிருக்காங்க. எல்லாத்தையும் கழிச்சுடுங்க."

பசி குறைவாகச் சொன்னால் பசி இல்லை. அதிகமாகச் சொன்னால் அது பொய். நடுவில் உண்மைக்கு எங்கே இடம் விட்டிருக்கிறார்கள் என்று அளவுகோல் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுக்கின் கடைசித் தாள் மேலே வந்தது. அதில் மட்டும் குறி கோடியில் இல்லை. தாளின் ஓரத்தில் ஈரக் கட்டைவிரல் பட்டு உப்பியிருந்தது. பேனாவை அழுத்திப் போட்ட அந்தச் சாய்ந்த குறி யாருடையது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவனுடைய பள்ளிக்கூடச் சிலேட்டில் முதல் எழுத்தைப் போட்டுக் காட்டியதும் அந்தக் கைதான்.

"இது ஒண்ணு இருக்கே" என்று இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவங்க ஒருத்தர்தான் அறிவியலை மதிச்சிருக்காங்க. செல்லக்கூடிய பதில் இது ஒண்ணுதான். எவ்வளவு, சொல்லுங்க. இவங்க அளவுதான் கூடத்தோட அளவு."

அவன் அளவுகோலை வைத்தான். முப்பத்தொன்று. இயக்குநர் தாளைப் பார்க்கவில்லை. அவர் பார்வை கைப்பேசியில் இருந்தது. மணி அடிக்க அரை நிமிடமோ என்னவோதான். எழுபத்தொன்று என்று அவன் சொல்லியிருந்தால் எழுபத்தொன்று என்றுதான் எழுதிக்கொண்டிருப்பார். அண்டாக்கள் அன்றைக்கே திரும்பிப் போயிருக்கும். ஒரு சொல்தான். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவன் கண், கண்ணாடிக் குண்டின் அடியில் தலைகீழாகத் தெரிந்த அந்தத் தாளின் மேல் போய் விழுந்தது. பின்னால் எவராவது தாளை எடுத்துச் சரிபார்த்தால்?

"முப்பத்தொண்ணு மேடம்" என்றான்.

அவன் வாழ்நாளில் எடுத்த அளவுகளில் துளியும் பிசகில்லாத அளவு அதுதான். மணி அடித்தது. இயக்குநர் முகம் மலர்ந்து பதக்கத்தைப் பார்த்தார், அப்படியே பேனாவையும் எடுத்தார். சலவைக்கூடத்தின் சாப்பாடு நிரந்தரமாக நிறுத்தப்பட்டது. அளவுகோல் நிரந்தரமாக்கப்பட்டான். இரண்டுக்கும் ஒரே மையில் கையெழுத்து விழுந்தது. கூடத்திலேயே நேர்மையாகப் பதில் சொன்ன அந்த ஒரே நபரைக் கௌரவிக்க வேண்டும் என்று இயக்குநருக்குத் தோன்றியது. 'இவருக்குப் போதிய பசி இல்லை என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது' என்று ஒரு நேர்த்தியான சான்றிதழ் தயாரானது. அடியில் நிலையத்தின் முத்திரை. கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு அளவுகோலிடம் வந்தது. வழிதான் அவனுக்குத் தெரியுமே.

அன்று சாயங்காலம் அக்கா இரண்டு தாள்களையும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆணையைச் சாமான் பெட்டியில் பத்திரப்படுத்தினாள். சான்றிதழைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினாள். தம்பிக்கு வேலை நிரந்தரமான நாள் என்று ஏதேதோ கூடுதலாகச் சமைத்து, அவனை உட்கார வைத்துப் பரிமாறினாள். அவனுக்குத் தலை நிமிரவில்லை.

"எல்லாரும் கோடியில போட்டாங்க. நீ ஏன்க்கா போடல?"

"போடலாம்னுதான் பேனாவைக் கொண்டுபோனேன். கை போகல." அவள் கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்தாள். "அப்பாவும் அம்மாவும் செத்துப்போன வருஷம்டா. நம்மளைச் சேர்த்துக்கிட்ட வீட்டுக்காரங்க ஒரு வேளைதான் குடுப்பாங்க, அதுவும் ஒரு கிண்ணம். உனக்கு ஊட்டிட்டு, கிண்ணத்தைக் கழுவின தண்ணியை நான் குடிப்பேன். அந்தக் கோடி அதுதான். மத்தவங்க என்னவோ போட்டுட்டுப் போறாங்க. இப்ப இருக்கற பசி அது இல்லையே. அதைப் போயி இதுன்னு எப்படிச் சொல்றது?"

அவன் ஒரு கவளத்தை வாயில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"சரி, உங்க ஆபீஸ்லயும் எல்லாரும் போட்டீங்களாமே. நீ எங்க போட்டே?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்குத்தான் உண்மை சொல்லிப் பழகியிருந்தான் போலும். "கோடியில."

"எந்தக் கோடியில?"

"வலது கோடியில."

அவள் முகம் ஒரு கணம் வெளுத்துவிட்டது. தனக்குத் தெரியாமல் தம்பி எங்கேயோ பட்டினி கிடந்திருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. "என்னிக்குடா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"அன்னிக்குக் காலையிலதான். பதினோரு மணி வரைக்கும் சாப்பிடல இல்ல, அந்தப் பசி."

அக்கா அவனையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வர, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சுவர் வழியாகக் கூப்பிட்டு, "கேட்டியா, என் தம்பி பொறந்ததுலேர்ந்து பட்டதிலேயே பெரிய பசி, காலைச் சாப்பாடு பதினோரு மணிக்குத் தள்ளிப்போனதுதானாம்" என்று சொன்னாள். அவள் குரலில் கேலி இல்லை. ஊரறியச் சொல்ல வேண்டிய பெருமை மட்டும்தான் இருந்தது.

"அப்ப நான் உன்னை ஒழுங்காத்தான் வளர்த்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே பாத்திரத்தைச் சாய்த்து, அடியில் இருந்ததையும் சுரண்டி அவன் தட்டில் போட்டாள்.

பாத்திரம் காலியாகிவிட்டதை அளவுகோல் பார்த்தான். அவள் பக்கத்தில் தட்டே இல்லை என்பதையும் பார்த்தான்.

"நீ சாப்பிடலையாக்கா?"

"எனக்குப் பசியில்லடா." அவள் சுவரைக் காட்டினாள். "உங்க ஆபீஸே முத்திரை குத்திக் குடுத்திருக்கே."

சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் அவன் கேட்டு வளர்ந்த வார்த்தைதான் அது. அப்போது முத்திரை இல்லாமலே நம்பினான். இப்போது முத்திரையும் இருந்தது. தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தான்.